கணினி கேள்வி பதில்: ஃபார்மெட் போட்டும் போகாத நீலத்திரை

கேள்வி: ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். சில மாதங்களாக நினைத்த நேரத்தில் நீலத்திரை வருகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கடையில் இரண்டு தடவை ஃபார்மெட் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் பழைய கதைதான். வைரஸா? தீபாவளிக்கு முன்னால் இன்னொரு 8 ஜிபி ராம் போட்டேன், அதனால் வேகத்தில் குறையில்லை.
- வாசகர், காரைக்குடி

பதில்: ராம் விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்குச் சந்தேகமே அந்த வரியில்தான். ஃபார்மெட் போட்டால் வைரஸ் போகும், கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகள் போகும். இரண்டு தடவை போட்டும் திரும்பி வருகிறதென்றால் பெரும்பாலும் கோளாறு உள்ளே இருக்கும் பாகத்தில்தான், மூன்றாவது தடவை போட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் அந்தத் திரையை நிற்க வையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியின் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். 'ஸ்டாப் கோட்' என்று ஒரு வரி இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது, பெயர் மட்டும் நம் வாயில் நீலத்திரைதான்.) ஒவ்வொரு முறையும் ஒரே கோட் வந்து, கூடவே ஒரே கோப்பின் பெயரும் வந்தால் டிரைவரை (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்) பாருங்கள். இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்', நாளை 'பேஜ் ஃபால்ட்', மறுநாள் வேறொன்று என்று மாறி மாறி வந்தால் ராம்தான் முதல் குற்றவாளி. ராமின் பழுதான இடத்தில் அந்த நேரம் யாருடைய தகவல் போய் உட்கார்ந்ததோ அந்த புரோகிராம்தான் விழும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் பழி வேறு ஆள்மேல் விழுகிறது.

அப்புறம், இரண்டு ராமும் ஒரே கம்பெனி, ஒரே வேகமா? இல்லையென்றால் தனியாக ஒழுங்காக ஓடும் இரண்டு குச்சிகள் சேர்ந்தால் மக்கர் செய்வதும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் போனதும் புது ராமைக் கழற்றுங்கள். தங்க நிற முனையை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு, அதை எடுத்து வைத்துவிடுங்கள். பழையது மட்டும் சில நாள் ஓடட்டும். பிறகு புதியது மட்டும், அதே ஸ்லாட்டில். இரண்டும் தனித்தனியாகச் சரியாக ஓடினால் அடுத்த ஸ்லாட்டைச் சோதியுங்கள், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதி, ஆனில் இருந்தால் அணைத்தும் பாருங்கள். பொறுமை இல்லையென்றால் பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86' புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடலாம். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பெரும்பாலும் ராமோ அது உட்காரும் ஸ்லாட்டோ சரியில்லை என்று அர்த்தம், 'ஒண்ணுதானே' என்று விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் குடும்பப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். கெட்ட ராம் வழியாகப் போகும் கோப்பும் கெடலாம், எனவே காப்பி எடுத்ததும் நாலைந்தைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு நீலத்திரையே வருவதில்லை. கேம் ஆடும்போது படக்கென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: 41-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை, காரணத்தை அது சொல்லாது. கேம் ஆடும்போது மட்டும் என்பதால் பெரும்பாலும் சூடு, இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). 'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற புரோகிராமைப் போட்டு வெப்பத்தைப் பாருங்கள். பிராசசர் 100 டிகிரியைத் தொட்டால் அதன்மேல் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கில் தூசியை எடுத்து (ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழல விடாதீர்கள்) இரண்டுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். வெப்பம் சாதாரணமாக இருந்தும் அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ்மேல்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்மேல் அச்சிட்ட வாட்ஸை நான் நம்புவதில்லை. நண்பரிடம் நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 என்றால் பயாஸையும் அப்டேட் செய்துவிடுங்கள். அவற்றில் தேவைக்கு அதிகமாக வோல்டேஜ் போகும் சிக்கலை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்தமும் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது.

கேள்வி: 2024-இல் உலகம் முழுக்க நீலத்திரை வந்ததே, அது வீட்டுக் கணினிக்கும் வருமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அது ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. நிறுவனங்கள் வாங்கிப் போடும் மென்பொருள் அது, வீட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அன்று பலரும் சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் துவங்கும் நிலை) போய், அப்டேட்டோடு வந்த அந்த ஒரு கோப்பை அழித்துத்தான் மீண்டார்கள். உங்கள் ஆன்டிவைரஸோ டிரைவரோ அப்டேட்டான கையோடு நீலத்திரை வந்தாலும் இதே வழிதான்: சேஃப் மோட், கடைசியாகப் போட்டதை எடுப்பது.