நாரி நோவும் உள்வயிற்றுத் தசைகளும்: கேள்வி பதில்

வாசிகசாலைக் கேள்விப் பெட்டியில் இந்த மாதம் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் நாரி நோ, வயிற்றுத் தசை, உடற்பயிற்சி பற்றியவை. நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நல்லூர், ஆசிரியர்: அக்கா, தினமும் காலையில் சிட்-அப் செய்கிறேன். வயிறு இறுகியிருக்கிறது. ஆனாலும் நாரி நோகிறது. ஏன்?

சிட்-அப் வேலை வாங்குவது முன்பக்கம் வெளியே தெரியும் தசையிடம். அதற்கு உள்ளே, வயிற்றைக் குறுக்காகச் சுற்றி முதுகு வரை போகும் தசை ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்வெர்ஸஸ் அப்டொமினிஸ் என்பார்கள். சாரத்துக்கு மேல் கட்டும் அகலப் பட்டி போல இடுப்பைச் சுற்றிப் பிடிப்பது அதுதான். மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், கீழே இடுப்பின் அடியைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள், எல்லாம் சேர்ந்துதான் நாரியைத் தாங்குகின்றன.

1996இல் அவுஸ்திரேலியாவில் ஹொட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். கையை வேகமாக அசைக்கச் சொன்னபோது, நோ இல்லாதவர்களுக்குக் கை அசைய முன்பே இந்தத் தசை இறுகியது. நாரி நோ உள்ளவர்களுக்குப் பிந்தியது. ஆகவே சிட்-அப் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. நோ இருக்கும் வரை அதை விடுங்கள் தம்பி.

அந்தத் தசை வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். முக்கியமான கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன்.

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். இடுப்பின் முன்பக்கத்தில் இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். அங்கிருந்து இரண்டு விரல் அளவு உள்ளே, சற்றுக் கீழே விரல் நுனிகளை வையுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். விட்டுக்கொண்டே தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் மெல்ல உள்ளே இழுங்கள். விரலுக்கு அடியில் மெதுவான ஓர் இறுக்கம் வரும். அவ்வளவுதான்.

விரலைத் தள்ளிக்கொண்டு வயிறு மேலே வந்தால், விலா எலும்பு அசைந்தால், மூச்சு நின்றால், வெளித்தசை வேலையைப் பறித்துக்கொண்டது என்று அர்த்தம். முழுப் பலத்தில் கால்வாசி போதும். கூட இழுக்கக் கூட இழுக்கக் கெட்டுப்போகும் பயிற்சி இது. சரியாகப் பிடித்த பிறகு சாதாரணமாக மூச்சு விட்டபடி 10 விநாடி வைத்திருந்து விடுங்கள். 10 தடவை செய்யலாம். ஆரம்பத்தில் 3 விநாடிதான் நிற்கும், பரவாயில்லை.

இது கைவந்த பிறகு, அதே இறுக்கத்தோடு ஒரு குதிக்காலை நிலத்தில் உரசியபடி நீட்டி மடக்குங்கள். நாரி வளையக் கூடாது. அடுத்த படி மற்றக் கால்.

நீர்வேலி, தோட்டக்காரர்: வெங்காயத் தோட்டத்தில் காலையில் இருந்து குனிந்த வேலை. பின்னேரம் நிமிர முடியவில்லை. எனக்கு உடற்பயிற்சி செய்ய நேரம் ஏது?

அண்ணை, உங்களுக்குத் தனி நேரம் வேண்டாம், வேலைக்குள்ளேயே செருகலாம். நீண்ட நேரம் குனிந்தால் முதுகின் இணைப்புத் திசுக்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். நிமிர்ந்தவுடன் அவை பழையபடி இறுகாது. அந்த நேரத்தில் தண்ணீர் வாளியையோ மருந்து அடிக்கும் டாங்கியையோ தூக்குவதுதான் பிடிப்பைக் கொண்டுவருகிறது. களை பிடுங்கி எழும்பியதும் இடுப்பில் கை வைத்து இரண்டு மூன்று தடவை பின்னால் சாயுங்கள். வரப்பில் கொஞ்சம் நடந்துவிட்டுப் பிறகு தூக்குங்கள். தூக்கும்போது பாரம் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே எடுங்கள். ஒரே நிலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு பயிற்சி மட்டும்: தவழும் நிலையில் நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி, 5 முதல் 10 விநாடி. பிறகு மறுபக்கம். இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

சுன்னாகம்: இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம். நடுவயிற்றில் குழி விழுகிறது. அம்மா துணியால் வயிற்றைக் கட்டச் சொல்கிறார்.

கட்டினால் ஆதரவாக இருக்கும், அம்மா சொல்வதில் பிழையில்லை. ஆனால் துணி தாங்கும் வரை தசைக்கு வேலை குறைவு. நாள் முழுவதும் கட்ட வேண்டாம் தங்கச்சி.

அந்தக் குழி, நடுவயிற்றில் இரு பக்கத் தசைகளும் விலகியதால் வருவது. படுத்து முழங்காலை மடித்துத் தலையை மட்டும் சற்று உயர்த்துங்கள், தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் கிளினிக்கில் காட்டுங்கள். இயல்பாகக் கூடுவது பெரும்பாலும் முதல் எட்டுக் கிழமைகளில்தான், அதன் பிறகு பயிற்சி வேண்டும். மேலே சொன்ன படுத்த நிலைப் பயிற்சியில் இருந்து தொடங்குங்கள். எந்தப் பயிற்சியிலும் நடுவயிறு மேடாக எழுந்தால் உடனே நிறுத்துங்கள். சிட்-அப் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கட்டிலில் இருந்து நேராக எழும்பாமல் பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழும்புங்கள். சிசேரியன் என்றால் டொக்டர் சரி என்று சொன்ன பிறகே எதுவும்.

பெயரும் ஊரும் போடாத கடிதம்: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எழுதியது நல்லது அம்மா. இது பலருக்கு இருக்கிறது, குணமாக்கலாம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல் கீழிருந்து மேலே இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுவதும் தளர விடுங்கள். ஒரு முறைக்கு 8 தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது பழக வேண்டாம். தும்மல் வருகிறது என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே இறுக்குங்கள். மூன்று மாதத்தில் மாற்றமில்லை என்றால் கட்டாயம் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள்.

சாவகச்சேரி, 68 வயது: முழங்கால் நோ, பிரஷரும் உண்டு. நிலத்தில் இருக்க முடியாது.

கதிரையின் முன்பாதியில் நிமிர்ந்து இருங்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளே எடுத்து, ஒரு பாதத்தை நிலத்தில் இருந்து சற்று உயர்த்தி இறக்குங்கள். மாறி மாறி. புட்டு அவியும் நேரத்தில் அடுப்படியில் நின்றபடியே 10 விநாடி இறுக்கமும் பழகலாம். மூச்சை அடக்கவே கூடாது, அடக்கினால் பிரஷர் ஏறும்.

முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங் மூன்று நிமிடம் நிற்கிறேன். போதுமா?

நாரி தொய்ந்து நிற்கும் மூன்று நிமிடத்தை விட, நேராக நிற்கும் 10 விநாடி நல்லது. ஆறு தடவை செய்யுங்கள்.

வண்டி (தொப்பை) குறையுமா?

இல்லை. கொழுப்பு சாப்பாட்டாலும் முழு உடம்பின் நடமாட்டத்தாலும் குறையும்.

இதைச் செய்தால் நாரி நோ நிச்சயம் போகுமா?

நீண்டகால நாரி நோவுக்கு இந்த வகைப் பயிற்சிகளை மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2016இல் சேர்த்துப் பார்த்தது. பெரிய வித்தியாசம் இல்லை. நான் இவற்றைச் சொல்வது, நோ உள்ளவரும் பயமில்லாமல் வீட்டில் தொடங்கலாம் என்பதால். நடக்க விருப்பம் என்றால் நடையையும் சேருங்கள்.

காலில் விறைப்பு இருக்கிறது, பயிற்சி செய்யலாமா?

முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். மலசலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், இரு தொடைகளுக்கும் நடுவே உணர்வு மரத்தால், கால் பலமிழந்தால், அன்றே போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.