வீல்சேரில் வரும் அம்மாவுக்கு எந்த ஹோட்டல்?

தீம் பார்க் வாசலருகே விலை கூடிய ஹோட்டலா, பஸ்ஸில் வந்து போகிற மலிவான ஹோட்டலா என்று கேட்டிருந்தீர்கள். பணம் கட்டுப்படியானால் வாசலருகே எடுங்கள். மத்தியானம் அம்மா களைத்துப்போனால் அறைக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, சாயங்காலம் திரும்பப் போகலாம்.

அதைவிட முக்கியம் குளியலறை. "வீல்சேர் வசதி உண்டு" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அப்படி நம்பிப் போன ஓர் இடத்தில் குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் படி. மூன்று நாளும் அப்பாவைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். அவர் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேளுங்கள். கதவைத் திறந்தால் 80 சென்டிமீட்டராவது வழி கிடைக்குமா? ஷவருக்குள் நாற்காலியோடு போக முடியுமா? டாய்லெட்டில் கைப்பிடி எந்தப் பக்கம்? கட்டிலின் உயரம் என்ன? மெத்தை வீல்சேர் இருக்கைக்குச் சமமாக இருந்தால் அம்மா மாறி உட்காரச் சுலபம். குளியலறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், அந்த அறையே உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மலிவானதுதான் முடியும் என்றால் சரி, வீல்சேர் ஏற்ற பஸ்ஸில் சாய்தளம் உண்டா, இரவு கடைசி பஸ்ஸிலும் அது இருக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.