சர்வ்லெட் தெரியாம ஸ்பிரிங் பூட்டா?

இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி ஜாவா வெப் பத்திதான், செமஸ்டர் ப்ராஜெக்ட் சீசன் போல.

சார், எங்க சிலபஸ்ல சர்வ்லெட், ஜேஎஸ்பி இருக்கு. இன்டர்வ்யூல ஸ்பிரிங் பூட்தான் கேப்பாங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. சர்வ்லெட்டை மார்க்குக்கு மட்டும் படிச்சா போதுமா?
– மூணாம் வருஷ மாணவி, விருதுநகர்

சீனியர்ஸ் சொன்னது பாதி சரிம்மா. ஆபீஸ்ல யாரும் இப்ப புதுசா வெறும் சர்வ்லெட் வெச்சு அப்ளிகேஷன் கட்டுறதில்ல. ஆனா ஸ்பிரிங் பூட்ல, அதாவது ஜாவா வெப் அப்ளிகேஷனை சீக்கிரம் கட்ட உதவுற ஃப்ரேம்வொர்க்ல, ஒரு ப்ராஜெக்ட் ஓடவிட்டு கன்சோல்ல வர்ற வரிகளை கொஞ்சம் நிதானமா படிச்சுப் பாருங்க, டாம்கேட் 8080 போர்ட்ல ஸ்டார்ட் ஆச்சுன்னு ஒரு வரி இருக்கும். டாம்கேட்ங்கறது சர்வ்லெட்டை ஓட்டுற சர்வர், உள்ளுக்குள்ள அதை ஸ்பிரிங் பூட்டே தூக்கிட்டு வந்திருக்கு. அப்புறம் வர்ற ரிக்வெஸ்ட் எல்லாத்தையும் முதல்ல வாங்கி நீங்க எழுதுன எந்த கண்ட்ரோலர் கிளாஸுக்கு போகணும்னு பிரிச்சு அனுப்புறது டிஸ்பாட்சர் சர்வ்லெட், பேர்லயே இருக்கு பாருங்க, அதுவும் ஒரு சர்வ்லெட்தான்.

சர்வ்லெட்னா பெரிய பூதம் ஒண்ணும் இல்ல. பிரவுசர்ல இருந்து ஒரு ரிக்வெஸ்ட் வருது, டாம்கேட் அதைப் பிரிச்சு ரிக்வெஸ்ட்னு ஒரு ஆப்ஜெக்ட், ரெஸ்பான்ஸ்னு ஒரு ஆப்ஜெக்ட் செஞ்சு உங்க கிளாஸ்ல இருக்கிற டூகெட் இல்லன்னா டூபோஸ்ட் மெத்தட்கிட்ட குடுக்குது, நீங்க ரிக்வெஸ்ட்ல இருந்து எடுத்துப் படிச்சு ரெஸ்பான்ஸ்ல எழுதுறீங்க, அவ்ளோதான். 1997ல வந்த ஐடியா, இன்னைக்கும் அஸ்திவாரம் அதேதான். ஹெச்டிஎம்எல்லுக்குள்ள ஜாவா கலந்து எழுதுற ஜேஎஸ்பியும் தனி ஜாதி இல்ல, முதல் தடவை அந்த பக்கத்தை திறக்கும்போது டாம்கேட் அதை ஒரு சர்வ்லெட்டா மாத்தி கம்பைல் பண்ணிக்கும், அதான் முதல் தடவை மட்டும் லேட்டா வரும். ஜேஎஸ்பியை மார்க்குக்கு படிங்க போதும். சர்வ்லெட்டை மனசுல ஏத்திக்கங்க. ஏன்னு மூணாவது கேள்வியில தெரியும்.

யூட்யூப் பாத்து அப்படியே டைப் பண்ணேன். எரர் இல்லாம கம்பைல் ஆகுது, டாம்கேட்டும் ஓடுது, ஆனா பேஜ் திறந்தா 404. ரெண்டு நாளா மண்டை காயுது.
– வாசகர், ஓசூர்

வீடியோ பழசு, டாம்கேட் புதுசு, சரியா? உங்க கோடு மேல இம்போர்ட் வரியில ஜாவாஎக்ஸ் டாட் சர்வ்லெட்னு இருக்கும். டாம்கேட் 10ல இருந்து அது ஜகார்த்தா டாட் சர்வ்லெட். கதை என்னன்னா, சர்வ்லெட், ஜேஎஸ்பி எல்லாம் அடங்குன ஜாவா ஈஈயை ஆரக்கிள் 2017ல எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்கு குடுக்கறதா சொல்லுச்சு, ஆனா ஜாவாங்கற பேர் எங்களோடதுன்னு கையில வெச்சுக்கிச்சு, ஜாவாஎக்ஸ் பேக்கேஜ்ல புது மாத்தம் எதுவும் பண்ண முடியாம போச்சு, அதனால ஜாவா ஈஈயோட புதுப் பேரான ஜகார்த்தா ஈஈயில, 2020ல 9 வரும்போது பேக்கேஜ் பேரையும் மாத்திட்டாங்க. வீட்டை எழுதி குடுத்துட்டு வாசல்ல இருந்த பேர்ப்பலகையை மட்டும் கழட்டிட்டுப் போன மாதிரி.

உங்க ப்ராஜெக்ட்டோட பழைய சர்வ்லெட் ஜார் (லைப்ரரி ஃபைல்) ஒண்ணு சேர்ந்து வந்திருக்கு, அதை வெச்சு கம்பைல் ஆயிடுச்சு, ஆனா டாம்கேட் 10 உங்க கிளாஸ்ல இருக்கிற பழைய வெப்சர்வ்லெட் அனோட்டேஷனை (இந்த கிளாஸ் எந்த அட்ரஸுக்குன்னு சொல்ற குறிப்பு) கண்டுக்கவே கண்டுக்காது. எரரும் வராது, பேஜும் வராது. டாம்கேட் 9 போடுங்க, இல்லன்னா இம்போர்ட்டை மாத்துங்க. மாத்தும்போது ஃபைண்ட் ரீப்ளேஸ்ல கண்ணை மூடிட்டு எல்லா ஜாவாஎக்ஸையும் அடிச்சுடாதீங்க, ஜாவாஎக்ஸ் டாட் எஸ்க்யூஎல் மாதிரி ஜேடிகேயோடவே வர்றது பேர் மாறல. பழைய வார் ஃபைல் (முழு அப்ளிகேஷனையும் கட்டி வெச்ச ஒரே ஃபைல்) மட்டும்தான் கையில இருக்கு, சோர்ஸ் இல்லன்னா டாம்கேட் ஃபோல்டர்ல வெப்ஆப்ஸ் ஹைஃபன் ஜாவாஈஈங்கற ஃபோல்டர்ல போடுங்க, அதுவே மாத்தி எடுத்துக்கும்.

நான் தனியா டெஸ்ட் பண்ணா எல்லாம் சரியா இருக்கு. நாலு பேர் ஒரே நேரத்துல லாகின் பண்ணா ஒருத்தர் விவரம் இன்னொருத்தருக்கு தெரியுது. செஷன் பிரச்னையா?
– புதுசா வேலைக்கு சேர்ந்தவர், சென்னை

செஷன்னா ஒவ்வொரு யூசருக்கும் சர்வர் தனித்தனியா வெச்சுக்கற ஞாபகம், அதை குத்தம் சொல்லாதீங்க பாவம். கிளாஸுக்குள்ள, மெத்தடுக்கு வெளிய, கஸ்டமர் ஐடின்னோ யூசர்நேம்னோ ஒரு வேரியபிள் போட்டு வெச்சிருப்பீங்க. கரெக்ட்டா?

எனக்கு இது எப்படி தெரியும்னா நானே பண்ணிருக்கேன். வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு பில்லிங் அப்ளிகேஷன், மாசம் பூரா ஒழுங்கா ஓடுச்சு, மாசக் கடைசியில கூட்டம் ஏறுனதும் ஒரு கடைக்காரர் போன் பண்ணி "தம்பி, என் பில்லுல யாரோ அம்பது மூட்டை சிமெண்ட் வாங்கிருக்காங்க, நான் மளிகைக் கடைப்பா"ங்கறார். நான் என் சிஸ்டத்துல நூறு தடவை ஓட்டிப் பாத்தேன், ஒரு தடவை கூட வரல. எப்படி வரும், நான் ஒருத்தன்தானே கிளிக் பண்றேன்.

விஷயம் இதான். ரிக்வெஸ்ட் வரும்போதெல்லாம் டாம்கேட் உங்க சர்வ்லெட்டை புதுசு புதுசா உருவாக்காது. ஒரே ஒரு ஆப்ஜெக்ட், ஒரே ஒரு தடவை இனிட் (தயார் பண்றது), அப்புறம் வர்ற அத்தனை பேருக்கும் அதே ஆப்ஜெக்ட்தான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தனித்தனி த்ரெட்ல, அதாவது ஒரே நேரத்துல பக்கத்துப் பக்கமா ஓடுற தனித்தனி வேலையா, அதே ஆப்ஜெக்ட்டுக்குள்ள ஓடும், டாம்கேட்ல டீஃபால்ட்டா 200 த்ரெட் வரைக்கும் போகும். டீக்கடையில ஒரே ஒரு சிலேட்டை வெச்சுக்கிட்டு இருநூறு பேர் ஆர்டரையும் அதுல எழுதி அழிச்சு எழுதி அழிச்சுன்னு இருந்தா என்ன ஆகும், நீங்க சொன்ன சுக்கு காபி அழிஞ்சு பக்கத்துல இருக்கறவரோட ஸ்ட்ராங் டீ உங்களுக்கு வரும். கிளாஸ் லெவல் வேரியபிள்தான் அந்த சிலேட்டு.

அந்த வேரியபிளை மெத்தடுக்குள்ள கொண்டு போங்க, லோக்கல் வேரியபிள் த்ரெட்டுக்கு த்ரெட் தனி. ரிக்வெஸ்ட்டைத் தாண்டி ஞாபகம் வெச்சுக்க வேண்டியது மட்டும் செஷன்ல. யாராவது டூகெட் முன்னாடி சிங்க்ரனைஸ்டு போடுன்னு சொன்னா கேக்காதீங்க, பிரச்னை அடங்கும், ஆனா 200 பேரும் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நிப்பாங்க. டேட்டாபேஸ் கனெக்ஷனை கிளாஸ் லெவல்ல வெக்கறதும் இதே தப்புதான், முன்கூட்டியே திறந்து வெச்ச கனெக்ஷன் பூல்ல இருந்து எடுத்து வேலை முடிஞ்சதும் திருப்பி விடுங்க. தேதியை எழுத்தா மாத்துற சிம்பிள் டேட் ஃபார்மேட்டை ஸ்டேட்டிக்கா (எல்லாருக்கும் பொதுவா) வெக்கறதும் அப்படித்தான், தேதி தாறுமாறா வரும், ஜாவா 8ல வந்த டேட்டைம் ஃபார்மேட்டர் அந்த விஷயத்துல பத்திரம்.

விருதுநகர் பொண்ணு கேட்டதுக்கு பதிலும் இதுலயே இருக்கு. ஸ்பிரிங் பூட் கண்ட்ரோலரும் டீஃபால்ட்டா ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான், சர்வ்லெட் தெரியாம நேரா அங்க போறவங்க இதே குழியில விழறதை இன்னைக்கும் பாக்குறேன்.

ஃபார்ம்ல தமிழ்ல பேர் டைப் பண்ணா டேட்டாபேஸ்ல வெறும் கேள்விக்குறியா விழுது.
– வாசகர், தஞ்சாவூர்

முதல்ல எது வருதுன்னு பாருங்க. மேல கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியுமா வந்தா உங்க தமிழ் பெரும்பாலும் உயிரோட இருக்கு, தப்பா படிக்கிறாங்க அவ்ளோதான். எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதுற யூடிஎஃப் 8 முறையில ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட், அதை மூணு தனி எழுத்தா நினைச்சுக்குது. டூபோஸ்ட்ல முதல் வரியா ரிக்வெஸ்ட்டோட கேரக்டர் என்கோடிங்கை யூடிஎஃப் 8னு செட் பண்ணுங்க, ஒரே ஒரு பாராமீட்டரை படிச்சதுக்கு அப்புறம் செட் பண்ணா கூட அது காதுலயே விழாது.

உங்களுக்கு வர்றது கேள்விக்குறி. தமிழே தெரியாத என்கோடிங்குக்கு எங்கயோ மாத்திருக்காங்க, போன எழுத்து போனதுதான், திரும்ப வராது. மைஎஸ்க்யூஎல்னா டேபிள் தமிழ் இல்லாத லத்தீன்1 என்கோடிங்ல இருக்கான்னு பாருங்க, யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க. டேபிள்ல சரியா இருந்து பக்கத்துல மட்டும் கேள்விக்குறின்னா ரெஸ்பான்ஸ்ல கன்டென்ட் டைப்பை ரைட்டர் எடுக்கறதுக்கு முன்னாடி செட் பண்ணணும்.

ரிஃப்ரெஷ் பண்ணா அதே ஆர்டர் ரெண்டு தடவை சேவ் ஆகுதே?
– வாசகி, ஈரோடு

டூபோஸ்ட் முடிவுல ஃபார்வர்ட் பண்றீங்க, அதனால ரிஃப்ரெஷ் அடிச்சா பிரவுசர் அந்த போஸ்ட்டையே திரும்ப அனுப்புது. செண்ட்ரீடைரக்ட் பண்ணுங்க. பிரவுசர் புது கெட் ரிக்வெஸ்ட் போட்டு வரும், அப்புறம் எத்தனை தடவை ரிஃப்ரெஷ் அடிச்சாலும் அந்த கெட்தான் திரும்ப ஓடும்.

அண்ணா, ப்ராஜெக்ட் முடிச்சு லோக்கல்ஹோஸ்ட் 8080 லிங்க்கை கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். யாருக்கும் திறக்கல, எனக்கு மட்டும் திறக்குது.
– மாணவர், நெல்லை

தம்பி, லோக்கல்ஹோஸ்ட்னா அவங்கவங்க மெஷின். உன் ஃப்ரெண்டு தொட்டா அவன் போனுக்குள்ளயே தேடும். ஒரே வைஃபைல இருந்தா உன் லேப்டாப் ஐபி அட்ரஸை போட்டு அனுப்பு, ஃபயர்வால்ல 8080ஐ திறந்து விடு. லேப்டாப்பை மூடி வெச்சுட்டு தூங்கப் போயிடாத.