கண்டதைச் சொல்லாமல் இருந்தது பணிவாகுமா?

வணக்கம் தம்பி. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள உங்கள் வயலில், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சியைவிடச் சிலந்திகள் கூடுதலாக இருந்ததைக் கண்டிருந்தும், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எல்லோரும் மருந்தடிக்க வேண்டுமெனப் பெரியவர்கள் முடிவெடுத்தபோது வாய் திறக்கவில்லை என்று எழுதி, அது பணிவா கோழைத்தனமா எனக் கேட்டிருந்தீர்கள்.

ஒழுக்கப் பண்புகள் பழக்கத்தாலும் அறிவுப் பண்புகள் பெரும்பாலும் கற்பித்தலாலும் வளர்கின்றன என்று அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322) பிரித்தார், துணிவு கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் இடையில் நிற்பது என்பதும் அவர் கருத்தே. உங்கள் விடயத்தில் இரண்டு வகையும் ஒன்றாக முடிச்சிட்டுக் கிடக்கின்றன. குனிந்து, பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பார்த்து எண்ணினீர்களே, அது அறிவுப் பண்பு. அதில் குறையே இல்லை. கண்டதைச் சபையில் வைக்காமல் விட்டதுதான் குறை, அது துணிவு என்ற ஒழுக்கப் பண்பைச் சேர்ந்தது. தன் கணிப்புப் பிழைக்கலாம் என்று ஒப்புக்கொள்வதே பணிவு. சான்றை மறைப்பது அதில் அடங்காது. தத்தியைத் தின்னும் சிலந்திகள் மருந்தால் மடிந்தால் தத்தி மீண்டும் பெருகக்கூடும் என்பதால், அந்த மௌனத்தின் விலையை அயல் வயற்காரரும் கொடுக்க நேரிடும்.

ஆயினும் உங்களைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை தயங்கியது இன்னும் பழக்கமாகிவிடவில்லை. மருந்தடிக்கும் நாளுக்கு முன்பே அந்தப் பெரியவர்களில் ஒரு மூத்த கமக்காரரைத் தனியே சந்தித்து, "ஐயா, ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று வரம்புக்கு அழைத்துச் சென்று, அவர் கையாலேயே பயிரை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் காணும் ஏதேனும் உங்கள் கணிப்பை மாற்றினால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.