மூன்று வருடத்துக்கு ஒரு வேலை: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, உங்கள் மகளுக்கு 32 வயது. பெங்களூரில் மூன்றாவது நிறுவனம், வாடகை வீடு. திருமணப் பேச்சுக்குப் பிடி கொடுப்பதில்லை. வீடு வாங்கச் சொன்னால் சிரிக்கிறாள். ‘நிலையில்லாமல் அலைகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் தலைமுறை என்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் இதே குறைகளோடுதான் என்னிடம் வருகிறார்கள்.

ஆனால் அலைச்சலைக் குறை சொல்ல நம் செட்டிநாட்டுக்கு வாய் வரலாமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் முதலாளியின் வட்டிக்கடையை நடத்தப் போன மேலாட்கள் மூன்று வருடத் தவணையில்தானே போனார்கள்? கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம். அதன் அருகிலேயே படுக்கை. தவணை முடிந்தால் ஊர். பிறகு மறுபடி கப்பல். அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றோம். இப்போது புதிது ஒன்றுதான்: கிளம்பிப் போவது மகள். உங்களை உறுத்துவதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அன்றைக்கு வீட்டிலிருந்த ஆச்சிமாரும் சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கியவர்கள்தானே?

வீடு விஷயத்தில் நான் அவள் கட்சி. உங்கள் ஐயா கட்டிய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எத்தனை இரட்டை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறோம். ஓடு மாற்றப் பங்காளிகளிடம் பங்கு கேட்டு அலைகிறோம். இதைப் பார்த்து வளர்ந்தவள் இருபது வருடக் கடனுக்குத் தயங்கினால் அதைப் பொறுப்பின்மை என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வேலை மாறும்போது பழைய வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழித்தாளா, புதிய நிறுவனத்துக்கு மாற்றினாளா? தொடர்ந்து ஐந்து ஆண்டு சேவை நிறைவதற்குள் எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு. மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் சேர்ந்துகொள்ளும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) அப்படியில்லை, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு வேண்டும். மூன்று வருடத்தில் விலகினால் அது போயிற்று. ஆகவே, அடுத்த முறை மாறும்போது கிடைக்கும் சம்பள உயர்வு இந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று அவளே கணக்குப் போடட்டும்.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். நிறுவனம் தரும் பாலிசி வேலையோடு முடிந்துவிடும். தன் பெயரில் தனிப் பாலிசி இப்போதே எடுப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம்.

ஊரிலிருந்தே வேலை செய்ய விரும்புகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். அலுவலகம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். இன்வர்ட்டர் வைத்துவிடுங்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு முகப்பில் வைத்த வைஃபை உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டை எட்டாது. அவள் உட்காரும் அறைக்கே கேபிள் இழுப்பது உத்தமம்.

திருமணம் என் துறை இல்லை, ஆச்சி. பொங்கலுக்கு வரும்போது வைப்பு நிதி பாஸ்புக்கைக் காட்டச் சொல்லி அவளோடு உட்காருங்கள். ஜாதகக் கட்டை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.