வாசகர் கேள்வி பதில்: இடம் மாறிய நெடுங்கற்கள்

கேள்வி: அயர்லாந்தின் தாரா மேட்டில் நிற்கும் 'லியா ஃபாயில்' நெடுங்கல் (பழங்காலத்தவர் நட்டு நிறுத்திய ஒற்றைக் கல்) பழைய இடத்தில் இல்லையாமே. இடம் மாறிய கல்லுக்கு ஆய்வில் என்ன பெறுமதி? (வாசகர், உப்புவெளி)

பதில்: பாதிப் பெறுமதி. மீதி பழைய குழியோடு போய்விடும். 1798 கிளர்ச்சியில் மாண்டவர்களின் நினைவாக அந்தக் கல்லை 19ஆம் நூற்றாண்டில் இப்போதைய இடத்தில் நட்டார்கள். ஆகவே அது இன்று பார்க்கும் திசையை வைத்துச் சூரியன் உதிக்கும், மறையும் திசையோடு பொருத்திக் கணக்குப் போடுவது வீண் வேலை. கற்காலத்தவரும் கல்லை இடம் மாற்றியிருக்கிறார்கள். பிரான்சில் கவ்ரினி கல்லறையின் மூடுகல்லும், சில கிலோமீற்றர் தள்ளியுள்ள இன்னொரு கல்லறையின் மூடுகல்லும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகள். இரண்டிலும் பாதி பாதியாய்க் கிடந்த ஒரு மாட்டுருவந்தான் காட்டிக்கொடுத்தது. நம் திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாயிலில் 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் சாசனக் கல் காலத்தால் மிகப் பிந்தியது. ஆனால் அதுவும் கோணேசர் கோயிலிலிருந்து கோட்டைக்கு வந்தது என்பர். கதை அதே கதைதான்.

கேள்வி: நகர்த்தியே ஆகவேண்டும் என்றால்? (வாசகர், மூதூர்)

பதில்: இலங்கையில் தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. அனுமதி கிடைத்ததும் வடக்கு எந்த முகம், சாய்வு எத்தனை பாகை, மண்மட்டம் எங்கே என்று குறித்துப் படமெடுங்கள். குறிக்கச் சுண்ணக்கட்டி போதும், பெயின்ற் வேண்டாம். பிறகு குழியை ஒரு பக்கமாகப் பாதி மட்டும் வெட்டி மண் அடுக்குகளை வரையுங்கள். முட்டுக்கொடுத்த கற்களுக்கு இலக்கமிடுங்கள், கரித்துண்டு இருந்தால் காலக்கணிப்புக்கு எடுத்துவையுங்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் 1901இல் சாய்ந்த கல்லை நிமிர்த்தியபோது, அதைச் செதுக்கிய கல் சுத்தியல்கள் அடிமண்ணில்தான் கிடைத்தன.

அதிகம் பிழைப்பது எடைக் கணக்கு. மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் அளந்து பாரந்தூக்கி பிடித்தால் நடுவழியில் திண்டாட வேண்டும். புதைந்த பகுதியும் சேர்த்து 3 மீற்றர் நீளம், 0.8 அகலம், 0.5 தடிப்பு என்றால் 1.2 கனமீற்றர், கருங்கல்லுக்குக் கனமீற்றருக்கு 2.7 தொன் வீதம் மூன்றேகால் தொன் வரும். சங்கிலியும் கம்பிக்கயிறும் விளிம்பைக் கடித்துவிடும். அகன்ற நைலோன் பட்டிதான் வேண்டும். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. படுக்கவைக்கும்போது இரு முனையில் மட்டும் முட்டுக்கொடுத்தால் நடுவில் பிளக்கும். நீளம் முழுக்க மரத்தொட்டில் கொடுங்கள்.

கேள்வி: அடியில் சீமெந்து போட்டு இறுக்கலாமா? (வாசகர், திருகோணமலை)

பதில்: கூடாது. கல் உறிஞ்சும் ஈரம் சீமெந்து வளையத்துக்குச் சற்று மேலே வந்து காயும். அங்கே உப்புப் பூத்து, கல் செதில் செதிலாக உதிரும். கடற்காற்றே உப்பைக் கொண்டுவரும் நம் ஊரில் இது இன்னும் வேகம். பழைய முட்டுக்கற்களையே வைத்து, சரளையும் மணலும் 15 சென்ரிமீற்றர் அடுக்குகளாக இடித்து இறுக்குங்கள், நீர் வடியும். இளகிய நிலத்துக்குப் பொறியியலாளர் கொங்கிறீட் கேட்டால், அது கல்லில் ஒட்டாதபடி இடையில் மணல் படுக்கை விடுங்கள். இரும்புப் பட்டி கட்டவே வேண்டாம், துரு வீங்கிக் கல்லைப் பிளக்கும். கற்பாசியையும் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். பாசியோடு கல்லின் மேற்தோலும் போய்விடும்.