தூணில் அடித்த கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கிராஃபிக் டிசைனர். இரவு கிளப்புகளுக்குப் போஸ்டரும் டிக்கெட்டும் செய்கிறேன். இப்போது ஒரு கிளப்பின் உள்வடிவமைப்பையும் நானே பார்த்துத் தரவேண்டும் என்கிறார்கள். மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. தாளில் வேலை செய்தவன் கட்டடத்துக்குள் இறங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இந்தச் சிக்கல் ஹசியெண்டாவிலேயே வந்தது. அந்தக் கிளப்பைத் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்காரர்கள் முதலில் கேட்டது தங்கள் போஸ்டர்களைச் செய்த பீட்டர் சாவிலைத்தான். தன்னால் ஆகாது என்று அவர் உள்வடிவமைப்பாளர் பென் கெல்லியைக் கைகாட்டிவிட்டார். கிளப் 1982 மே மாதம் திறந்தது. அப்படி விலகியதை சாவிலின் நல்ல வேலைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

ஆனால் இருவருக்கும் கண் ஒன்றுதான். 1978-ல் சாவில் செய்த முதல் ஃபேக்டரி போஸ்டரில் இருப்பது, காதுக்குப் பாதுகாப்பு அணியச் சொல்லும் தொழிற்கூட எச்சரிக்கைப் பலகை. (போஸ்டர் வந்து சேர்வதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. அதை மட்டும் பின்பற்றாதீர்கள்.) கெல்லிக்குக் கிடைத்தது பழைய படகு ஷோரூம். ஆடுகிற தளத்தின் நடுவிலேயே தூண்கள். கூரையைத் தாங்குபவை, பிடுங்க முடியாது. இருட்டில் முட்டிக்கொள்வார்கள். சரி, தொழிற்சாலையில் இதற்கு என்ன செய்வார்கள்? கருப்பு மஞ்சள் சாய்கோடு அடிப்பார்கள். அதையே அடித்தார். தளத்தின் ஓரத்தில் சாலையில் பதிக்கிற பிரதிபலிப்பான்களை வைத்தார். கட்டடத்தை 2002-ல் இடித்துவிட்டார்கள். அந்தக் கோடு இன்னும் போஸ்டரிலும் சட்டையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. லண்டன் கடை ஒன்றுக்கு கெல்லி செய்த துளையிட்ட கதவைப் பார்த்துத்தான், 1980-ல் ஒரு இசைக்குழுவின் முதல் ஆல்பத்துக்குத் துளைகள் வெட்டிய உறை உருவானது. இருவரும் சேர்ந்து செய்தது.

அதனால் இறங்குங்கள். மின்சாரம், தீ வழி, பாரம் இதெல்லாம் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு இறங்குங்கள். திரையில் தேர்ந்த நிறத்தை நம்பவேண்டாம். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து எழுதி, மேலே சிவப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள், எழுத்தே இருக்காது. அப்புறம், அந்த இடத்துக்குப் பகலில் ஒரு தடவையும் கூட்டம் நெரியும் நள்ளிரவில் ஒரு தடவையும் போங்கள். யாரையும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய் வர முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.